துடைக்காமல் விட்ட வீடு

ஏவ்ரில் மெட்காஃப் லிப்ஸ்டிக் விற்கிறவள் என்றுதான் அந்த ராணுவக் குடியிருப்பில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். யார்க்‌ஷயரின் வடக்கே, காற்றுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு மேட்டில் இருந்தது முகாம். அதைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்தது போன்ற செங்கல் வீடுகள். ஒரு வீட்டில் ரொட்டி கருகினால் மூன்றாம் வீட்டில் ஜன்னலைத் திறப்பார்கள். அங்கே ஒரு பெண் புருஷன் அடிக்கிறான் என்று சொல்ல ஓர் இடம் தேடிப் போனால், அவள் திரும்புவதற்குள் சேதி அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்படிப்பட்ட பெண்களுக்கு உதவத்தான் ஏவ்ரில் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் அங்கே ஓர் அறை எடுத்திருந்தது. அறை வாசல், முகாமின் காவல் வாயிலுக்கு நேர் எதிரே. வாடகை குறைவு என்று பிடித்தார்களாம். அந்தப் புத்திசாலிகளை என்ன சொல்வது! முதல் வருஷம் முழுக்க அந்தக் கதவைத் தட்டிய ஒரே ஆள் தபால்காரர்.

அதனால் ஏவ்ரில் ஒரு அழகுசாதனக் கம்பெனியில் ஏஜெண்டாகச் சேர்ந்தாள். பளபளவென்ற விளம்பரப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கதவு திறந்ததும் ஷாம்பூவைப் பற்றிப் பேசுவாள். மற்றதெல்லாம் கெட்டிலில் தண்ணீர் கொதித்த பிறகுதான். நிஜமாகவே நன்றாக விற்றாள். வட்டாரத்திலேயே சிறந்த விற்பனையாளர் என்று கம்பெனி அவளுக்கு ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடை அனுப்பியது.

அவளும் ராணுவக்காரன் பெண்டாட்டியாக இருந்தவள்தான். புருஷன் லென், ஸ்டாஃப் சார்ஜெண்ட். ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் தோட்டத்துக் கொட்டகையில் மாரடைப்பில் விழுந்து செத்தான். அடக்கத்துக்குப் படைப்பிரிவிலிருந்து எக்காளம் ஊத ஆள் வந்தது. தங்கமான மனுஷன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஏவ்ரில் எல்லோருக்கும் சாண்ட்விச் தட்டை நீட்டிக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றாள். அந்தத் தங்கத்தின் மாற்று அவளுக்கும் அவள் விலா எலும்புக்கும் மட்டும் தெரியும். முகத்தில் அவன் கை வைத்ததே இல்லை. ராணுவத்தில் பெண்டாட்டியின் முகம் நாலு பேர் பார்க்கிற பொருள், அதைக் கெடுக்கக் கூடாது.

அன்றைக்கு அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை. துக்கமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மரத்துப்போனது மரத்துப்போனபடியே இருந்தது. இந்த வேலைக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்த இளம்பெண்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்து காரில் உட்கார்ந்து அழுவார்கள். ஏவ்ரில் ஒரு பேக்கன் சாண்ட்விச் வாங்கித் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று அவளுக்குப் பின்னால் பேசினார்கள். அது அவள் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கையில் இருந்தது ரியானனின் விஷயம். ரியானன் வேல்ஸ்காரி, கார்ப்பரல் க்ரெய்க் டன்ஸ்டனின் மனைவி. மேசி என்று ஐந்து வயதில் ஒரு பெண். க்ரெய்க் ஆறு மாதப் பணிக்குப் பாலைவன தேசம் ஒன்றுக்குப் போயிருந்தான். அந்த ஆறு மாதத்தில்தான் ரியானன் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தாள். அதுவும் அழுது புலம்பி அல்ல. சுவிட்சுக்கு மேல் தூசி இருந்ததால் கையைக் கதவிடுக்கில் வைத்து அழுத்தினான் என்பதை, பேருந்து தாமதமாக வந்தது என்கிற தொனியில் சொன்னாள். கேட்டவளும் அதே தொனியில், எந்தக் கை என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஏற்பாடு இதுதான். படை வெள்ளிக்கிழமை திரும்புகிறது. புதன்கிழமை காலை ரியானனையும் மேசியையும் ஏவ்ரில் காரில் ஏற்றிக்கொண்டு, நாலு மணி நேரம் தள்ளி இருந்த ஓர் அடைக்கல வீட்டில் விட்டுவிடுவாள். அவன் வந்து இறங்கும்போது வீட்டில் ஆள் இருக்காது. ரியானன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், முகாமில் யாருக்கும் தெரியக் கூடாது என்று. முக்கியமாகக் கேப்டன் ஓல்ட்ராய்டுக்கு. ஏவ்ரில் வாக்குக் கொடுத்தாள். அது அவள் வேலையின் விதியும்கூட.

டெர்ரி ஓல்ட்ராய்ட் அந்தப் படையின் குடும்ப நல அதிகாரி. சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கித் தருவார், அடைத்துக்கொண்ட குழாயைத் தானே வந்து குத்துவார். ஆனால் க்ரெய்க் அவர் வளர்த்த பிள்ளை. எரிந்துகொண்டிருந்த வண்டிக்குள்ளிருந்து ஒரு பையனை இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவன். அந்தக் கதையை ஓல்ட்ராய்ட் வருஷத்துக்கு நாலு தடவை சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் கண் கலங்குவார். அவரிடம் போய் அவனைப் பற்றி எப்படிச் சொல்வது என்பதுதான் ரியானனின் பயம். பயத்தில் தப்பில்லை. முன்பு வேறொரு படையில் வேறொரு அதிகாரி, புகார் சொன்ன பெண்ணையும் அவள் புருஷனையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கை குலுக்கச் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்ணை அடுத்தபடியாக ஏவ்ரில் பார்த்தது ஆஸ்பத்திரியில்.

படை திரும்புகிற வாரம் என்றால் முகாம் வேலி முழுக்கப் பழைய படுக்கை விரிப்புகள் தொங்கும். பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் பெயிண்டால் எழுதிக் கட்டுவார்கள். ‘அப்பா, சீக்கிரம் வா’ என்று ஒன்று. ‘நாய் உன்னை மறந்துவிட்டது, நான் மறக்கவில்லை’ என்று ஒன்று. ‘கட்டில் தயார்’ என்றும் ஒன்று தொங்கியது. ஓல்ட்ராய்ட் அதை மட்டும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ரியானன் எதையும் கட்டவில்லை. வாராவாரம் பெண்கள் கூடிக் காபி குடிக்கிற இடத்துக்கும் பெயருக்கு வந்து, கையில் எடுத்த பிஸ்கட்டைக் கடிக்காமலே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். இதை ஓல்ட்ராய்ட் கவனித்தார். எல்லாவற்றையும் கவனிக்கிற மனுஷன் அவர். அதில்தான் வினையே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, அவர் மனைவி கேட்டிருந்த கைக்குப் பூசும் கிரீமைக் கொடுக்க ஏவ்ரில் அவர் அறைக்குப் போனாள். டீ கொடுத்தார். ரகசியத்தை அடக்க முடியாமல் அவர் முகம் சிவந்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாத ஏவ்ரில். டன்ஸ்டன் வந்துட்டான். ராத்திரியே இறங்கிட்டான்."

ஏவ்ரில் டீயைக் குடித்தாள். வெள்ளிக்கிழமைதானே என்று கேட்டாள்.

"படைக்கு வெள்ளிக்கிழமை. முன்னாடியே ஒரு சின்னக் கூட்டம் வந்து எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணும்ல, அந்தப் பிளேன்ல அவன் பேரைப் போட வச்சேன். அந்தப் பொண்ணு ஏங்கிப் போய்க் கெடக்குது. வேலியில ஒரு துணி கட்டலை. ஒரு வாய் பிஸ்கட் எறங்கலை. எத்தனை பொண்டாட்டிகளைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மீதியையும் சொன்னார். பத்து மணிக்கு முகாம் பள்ளியில் பிள்ளைகள் கூடுவார்கள். அழகான கையெழுத்துக்குப் பரிசு என்று சொல்லி மேசியை மேடைக்கு அழைப்பார்கள். அம்மாவையும் வரச் சொல்லியாகிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து க்ரெய்க் வருவான். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் பிடிக்க ஆள் வருகிறது. திடீரென்று வந்து நிற்பது என்றால் ராணுவத்தில் எல்லோருக்கும் கொள்ளை ஆசை. அதைப் பார்த்து அழாதவர்கள் கிடையாது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதை என்பார்களே, அந்தக் கதைதான். அந்த நிமிஷம் ஏவ்ரில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது, ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் குறுக்கே நின்றது. நல்லது டெர்ரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் கை நடுங்கவில்லை. நடுங்க வேண்டாமா என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது. ரியானனைப் போனில் கூப்பிட வழியில்லை. அந்தப் போனுக்கு யார் கூப்பிட்டாலும் க்ரெய்க்குக்குத் தெரிகிற மாதிரி அவன் செய்து வைத்திருந்தான். காரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள், கதவு பூட்டியிருந்தது. அங்கிருந்து பள்ளிக்கு விரட்டினாள்.

அவள் போய்ச் சேரும்போது கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ரியானன் முதல் வரிசையில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவளைப் போய்த் தொட இடமில்லை, நேரமும் இல்லை. ஏவ்ரில் பின்சுவரை ஒட்டி நின்றாள். அவளுக்கு முன்பே வேறு வண்டியில் வந்துவிட்ட ஓல்ட்ராய்ட் பக்கத்தில் வந்து நின்று, நீயும் பார்க்க ஓடி வந்துவிட்டாயா என்று சந்தோஷமாகக் கிசுகிசுத்தார்.

தலைமை ஆசிரியை மேசியைக் கூப்பிட்டாள். பிள்ளை மேடை ஏறி நின்றது. திரை விலகியது. க்ரெய்க் பூங்கொத்தோடு வந்தான். வெயிலில் கருத்து, மெலிந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தான். கூடமே கை தட்டியது.

மேசி ஓடவில்லை. குதிகால்களைச் சேர்த்து நேராக நின்றாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நகங்கள் தெரியும்படி விரல்களை விரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கைகளைத் திருப்பி உள்ளங்கைகளைக் காட்டினாள். அப்படியே காத்திருந்தாள்.

கூடம் சிரித்தது, உச்சுக்கொட்டியது. சிப்பாய் மகள் சிப்பாய்தான் என்று யாரோ சொன்னார்கள். கேமரா மின்னியது. க்ரெய்க்கும் சிரித்தான். அந்தக் கைகளை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினான். ரியானன் கை தட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஓல்ட்ராய்டின் கை பாதியில் நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன்களை வரிசையில் நிற்க வைத்து நகம் பார்த்து வயிற்றைக் கழுவியவர் அவர். விளையாட்டுக்கு நிற்பதற்கும் தண்டனைக்குப் பயந்து நிற்பதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். விளையாடுகிற பிள்ளை தாடையை அப்படி இறுக்காது.

ஏவ்ரில் வாக்கை உடைத்தாள். "அவ ஏங்கலை டெர்ரி. பயந்துகிட்டு இருந்தா. நாளைக்குக் காலையில கிளம்பறதா இருந்தா."

அவர் மேடையைப் பார்த்தபடியே நின்றார். "நான்தானே அவன் பேரைப் போட்டேன்" என்றார்.

"ஆமா" என்றாள் ஏவ்ரில். ஆறுதல் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஓல்ட்ராய்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். அவர் குரலில் பழைய சார்ஜெண்ட் வந்துவிட்டான். க்ரெய்க்கின் துப்பாக்கி கிடங்கில் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து ஆகவில்லை, உடனே வண்டியில் ஏறு என்றார்.

"சார், இப்பத்தானே வந்தேன்."

"ஆமாடா. இப்பத்தான் போகணும்."

தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம் என்று ஒருத்தி அவர் காதுபடவே சொன்னாள். அவர் வாங்கிக்கொண்டார். க்ரெய்க் பெண்டாட்டியின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான். "வீட்டைப் பளிச்சுன்னு வச்சிரு. வந்துடறேன்" என்றான். வெளியே போகும்போது ஓல்ட்ராய்ட் ஏவ்ரிலைக் கடந்து போனார். மதியம் வரை பிடித்து வைக்கிறேன், ராணுவப் போலீஸிடமும் நானே பேசுகிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று சன்னமாகச் சொன்னார்.

ஏவ்ரில் அடைக்கல வீட்டுக்குப் போன் செய்தாள். இன்றைக்கே கூட்டி வா என்றார்கள். நேராகக் காரில் ஏறச் சொன்னபோது ரியானன் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பாஸ்போர்ட்டும் மேசியின் ஆஸ்துமா மருந்தும் இருக்கிற பை பாய்லருக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்துக்கொண்டு மேசியோடு ஓடி வந்துவிடுகிறேன் என்றாள். வாசலில் கார் நின்றால் தெருவே பார்க்கும் என்று ஏவ்ரில் முக்கில் நிறுத்திக் காத்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ரியானன் வரவில்லை. கொஞ்சம் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு இறங்கி, புல்வெளிச் சேற்றில் நடந்து பின்வாசல் வழியாகப் போனாள்.

பை தயாராகக் கதவோரம் இருந்தது. மேசி கோட்டும் காலணியும் போட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ரியானன் சமையலறையில் மண்டியிட்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வாளித் தண்ணீரை வைத்து, ஓவன் அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு மட்டும்தான். ஆச்சு" என்றாள்.

ஏவ்ரிலுக்கு விளங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ராணுவ வீட்டைக் காலி செய்வது என்றால் சும்மா இல்லை. இருந்த சுவடு தெரியாமல் துடைத்து ஒப்படைக்க வேண்டும். அதிகாரி வந்து கதவு மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார், அடுப்புக் கம்பியைத் திருப்பிப் பார்ப்பார். கறை இருந்தால் அபராதம், அதைவிடப் பெரிது அவமானம். இரண்டு வருஷத்துக்கு ஒரு வீடு என்று மாறி மாறி, அது அந்தப் பெண்களின் எலும்பில் ஊறிப்போகிறது. தலைக்கு மேல் வெள்ளம் வந்தாலும் அவர்கள் முதலில் தரையைத் துடைப்பார்கள்.

ஏவ்ரிலே அப்படித் துடைத்தவள்தான். ஜெர்மனியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, விலா எலும்பு விரிசல் விட்ட நிலையில், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இதே போல ஓர் அடுப்பைத் தேய்த்தாள். நான் பார்த்ததிலேயே சுத்தமான வீடு இதுதான் அம்மா என்றார் அந்த அதிகாரி. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமை! லென் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். எத்தனையோ வீடுகளை அவள் மாசு மருவில்லாமல் விட்டு வந்தாள். அவனை மட்டும் விட்டு வரத் தெரியவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. வருஷக்கணக்கில் வராத கோபம்.

முதலில் நல்ல வார்த்தையில் சொல்லிப் பார்த்தாள். இன்றைக்கு யாரும் சோதிக்க வரப்போவதில்லை, அபராதம் வந்தாலும் அவன் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள், நேரம் ஓடுகிறது என்றாள். ரியானன் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றாள். கை நிற்கவில்லை.

ஏவ்ரில் அந்த வாளியைத் தூக்கினாள். அடுப்புக் கரி கரைந்த கறுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தாள். அதை மிதித்துக்கொண்டு, சேற்றுக் காலணியோடு முன்னறைக்குள் நடந்தாள். வெளிர்மஞ்சள் கம்பளத்தில் ஜன்னல் வரைக்கும் போய், வேண்டுமென்றே காலை அழுத்தித் தேய்த்துத் திரும்பி வந்தாள்.

"இனிமே இது தேறாது. எத்தனை தேய்ச்சாலும் தேறாது. எந்திரி."

ரியானன் எழுந்து வந்து அந்தக் கறுப்புத் தடங்களைப் பார்த்தாள். ஆறு மாதமாகக் கையைப் பற்றியும் கதவிடுக்கைப் பற்றியும் சொன்னவள், இந்த ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை.

"அவன் என்னைக் கொன்னுடுவான்" என்றாள்.

"ஆமா" என்றாள் ஏவ்ரில். "அதுக்குத்தான் எந்திரிங்கறேன்."

ரியானன் கையுறைகளைக் கழற்றினாள். ஒன்றை மேசைமேல் வைத்தாள், இன்னொன்றைக் கீழே போட்டாள். போட்டதைக் குனிந்து எடுக்கப் போய், எடுக்காமல் நிமிர்ந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மேசி படியிலிருந்து இறங்கிக் கம்பளத்தின் ஓரத்தில் நின்றுவிட்டாள். ஷூவோட நடக்கலாமா என்று கேட்டாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். நட என்றாள் அவள் அம்மா. பிள்ளை நடந்தது. மூன்று பேரும் அந்தத் தடங்களின் மேலேயே நடந்து, எல்லோரும் பார்க்க, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார்கள்.

காரில் ஏறிய பிறகு ஏவ்ரிலுக்கு முழங்கால் ஆட ஆரம்பித்தது. கிளட்ச்சை மிதித்தால் கால் நழுவியது. பின்சீட்டில் பிள்ளை பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டது. அடிக்கடி இந்த மாதிரி ஆகுமா என்று ரியானன் கேட்டாள். ஆனதே இல்லை என்று சொல்லிவிட்டு, ஏவ்ரில் கால் ஆட்டம் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, வண்டியை எடுத்தாள்.